முதல் மேக்கப் பை: குடியாத்தத்திலிருந்து தினமும் வேலூருக்கு பஸ்ஸில் போகிறவள் எதை வைக்கணும், எதை விடணும்?

கவுண்டன்யா கரை
ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நான் குடியாத்தம். படிப்பு முடிந்து, மே 2-ஆம் தேதி வேலூரில் ஒரு ஆபீசில் சேரப் போகிறேன். இதுவரை முகத்துக்கு நான் போட்டதெல்லாம் பவுடர், மை, ஸ்டிக்கர் பொட்டு. வேலை கிடைத்த சந்தோஷத்தில் சித்தி ஒரு பெரிய மேக்கப் செட் வாங்கிக் கொடுத்தார்கள். 24 கலர் ஐஷேடோ, 12 பிரஷ், 6 லிப்ஸ்டிக், பிளஷ் எல்லாம் இருக்கிறது. அது போதாது என்று நானும் பேன்சி ஸ்டோரில் பிரைமர் (ஃபவுண்டேஷனுக்கு முன்னால் பூசுவது), ஃபவுண்டேஷன், மஸ்காரா வாங்கினேன்.

இன்று எல்லாவற்றையும் ஒரு பையில் அடுக்கிப் பார்த்தேன். ஜிப் மூடவில்லை. அமுக்கி மூடினால் கல்லு மாதிரி கனக்கிறது. இதோடு டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், குடை வேறு. பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பாதி நாள் நின்றுகொண்டுதான் போகணும். வேலூர் போய் இறங்கும்போது முகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

என்ன வைக்கணும், எப்படி அடுக்கணும், எந்த மாதிரி பை வாங்கணும்? கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி அக்கா
ஞாயிறு, இரவு 10.25

தங்கச்சி, முதலில் வேலைக்கு வாழ்த்து.

நான் 14 வருஷமாகக் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறேன். என் பெட்டியைத் தூக்க ஒரு ஆள் வேணும். ஆனால் என் கைப்பையில் இருக்கும் பவுச்சில் பத்துப் பொருள் கூடக் கிடையாது. முகம் போடுவது வீட்டில், பையில் போவது அந்த முகத்தை நடுவில் சரிசெய்ய. இதை மனதில் வைத்துக்கொண்டால் உன் சாமானில் பாதி தானாகவே அலமாரிக்குப் போய்விடும்.

இப்போதே ஒரு வேலை செய். தரையில் ஒரு பழைய வெள்ளைத் துண்டை விரித்து எல்லாவற்றையும் அதில் கொட்டு. ஒவ்வொன்றாகக் கையில் எடு. பஸ்ஸை விட்டு இறங்கி, ஆபீஸ் பாத்ரூம் கண்ணாடி முன்னால், பின்னால் இரண்டு பேர் காத்திருக்கும்போது, கிடைக்கிற ஐந்து நிமிஷத்தில் இதைத் திறப்பாயா? ஐஷேடோ பெட்டியைத் திறக்க மாட்டாய். 12 பிரஷ்ஷும் வேண்டாம். பிரைமர் வீட்டில் முகம் கழுவியதும் போடுவது, அதற்கு பஸ்ஸில் இடம் எதற்கு? சித்தி ஆசையாகக் கொடுத்தது வீணாகாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் போட்டுப் பழகு. கை பழகப் பழக அந்த 24-இல் உன் முகத்துக்கு ஒத்துவருவது எந்த இரண்டு மூன்று என்று உனக்கே பிடிபடும்.

பைக்குள் போகவேண்டியது: கண்ணாடி வைத்த காம்பாக்ட், பென்சில் காஜல், ஒரே ஒரு லிப்ஸ்டிக், லிப் பாம், சின்ன டியூப் சன்ஸ்கிரீன், எண்ணெய் ஒற்றும் தாள் அல்லது டிஷ்யூ, நாலைந்து காட்டன் பட்ஸ், மடக்குச் சீப்பு. அப்புறம் ஒரு காலி மிட்டாய் டப்பாவில் ஊக்கு, ஹேர்பின், ஒரு ரப்பர் பேண்ட், பொட்டு அட்டையிலிருந்து வெட்டின ஒரு துண்டு. இந்த டப்பாவை லேசாக நினைக்காதே. நெரிசலில் துப்பட்டா ஊக்கு பிய்ந்துவிட்டால் அன்றைக்கு உன்னைக் காப்பாற்றுவது லிப்ஸ்டிக் இல்லை, அந்த ஊக்குதான்.

லிப்ஸ்டிக் விஷயத்தில் ஒரு வார்த்தை. உன் உதட்டு நிறத்தைவிடக் கொஞ்சமே தூக்கலாக இருக்கும் கலரை எடு. கண்ணாடி பார்க்காமல் போட்டாலும் கோடு தாண்டியது தெரியாது. அதையே விரலில் தொட்டுக் கன்னத்தில் இரண்டு தட்டு தட்டினால் பிளஷ்ஷும் ஆச்சு, ஒரு டப்பா மிச்சம்.

இறங்கியதும் நேராக காம்பாக்ட்டைத் திறக்காதே. வியர்வை மேல் பவுடர் போட்டால் திட்டுத் திட்டாக நிற்கும், மூக்கோரத்தில் மாவு மாதிரி பிடிக்கும். முதலில் டிஷ்யூவை முகத்தில் வைத்து ஒற்று, தேய்க்காதே. ஒரு நிமிஷம் ஃபேன் கீழே நில். அப்புறம் நெற்றி, மூக்கு, மோவாய், இந்த மூன்று இடத்தில் மட்டும் பவுடர். கன்னத்தை விட்டுவிடு.

காட்பாடி 5.50
திங்கள், காலை 6.35

ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். அக்கா சொன்னதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. "முகம் போடுவது வீட்டில்" என்பது எல்லாருக்கும் சரிவராது. நான் சென்னைக்குத் தினமும் போய் வருகிறேன், போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். வீட்டை விட்டுக் கிளம்பும்போது இருட்டு. முகம் கழுவி சன்ஸ்கிரீன் போடத்தான் நேரம். மற்றதெல்லாம் அரக்கோணம் தாண்டித்தான். அதனால் என் பையில் ஃபவுண்டேஷன், கன்சீலர் (கண்ணடிக் கறுப்பை மறைப்பது), இரண்டு பிரஷ் இருந்தே தீரும்.

ஆனால் முழு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. கான்டாக்ட் லென்ஸ் வைக்கிற டப்பா தெரியுமா? இரண்டு குழி, இரண்டு மூடி இருக்கும். கண்ணாடிக் கடையில் சல்லிசாகக் கிடைக்கும். ஒரு குழியில் ஃபவுண்டேஷன், இன்னொன்றில் மாய்ஸ்சரைசர். எனக்கு ஒரு வாரத்துக்கு வரும். ஞாயிறு சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்து மறுபடி நிரப்பிக்கொள்வேன். கண்ணாடி பாட்டில் ஒருமுறை பைக்குள் உடைந்து, ஆபீஸ் ஐடி கார்டு முதல் மாதாந்திர சீசன் டிக்கெட் வரைக்கும் பிசுபிசு என்று ஆனதிலிருந்து இந்த ஏற்பாடு.

ஓடும் ரயிலில் நான் செய்யாத ஒன்று: கண். காஜலோ மஸ்காராவோ ஸ்டேஷனில் நின்றபிறகுதான். ஒரு குலுக்கலில் பென்சில் முனை கருவிழியில் பட்டு மூன்று நாள் அவதிப்பட்டிருக்கிறேன். பஸ்ஸில் போகிற நீ இதைக் கட்டாயம் நினைவில் வை.

சத்துவாச்சாரி அக்கா
திங்கள், காலை 8.10

சரிதான், ஒத்துக்கொள்கிறேன். இருட்டில் கிளம்புகிறவர்களுக்கு அது வேறு கணக்கு. ஆனால் இந்தத் தங்கச்சி ஏழரை மணிக்குக் கிளம்பினால் போதும், அவளுக்கு வீட்டில் பத்து நிமிஷம் இருக்கிறது. லென்ஸ் டப்பா நல்ல யோசனை. நானே இனிமேல் சொல்லிக்கொடுப்பேன்.

கவுண்டன்யா கரை
திங்கள், மதியம் 1.15

அக்கா, துண்டை விரித்துக் கொட்டிவிட்டேன். மொத்தம் 41 பொருள். நீங்கள் சொன்னபடி பார்த்தால் 9 தேறியது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து "இதை அப்போதே சொல்லியிருந்தால் அந்தக் காசுக்கு இன்னொரு சுடிதார் எடுத்திருக்கலாமே" என்றார்கள்.

ஃபவுண்டேஷன் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். கடையில் கையில் தடவிப் பார்த்துதான் வாங்கினேன். எங்கே தப்பு?

சத்துவாச்சாரி அக்கா
திங்கள், மதியம் 2.30

கையில் தடவியதுதான் தப்பு. நம் கை ஒரு நிறம், முகம் ஒரு நிறம். போதாக்குறைக்குக் கடையில் வெள்ளை டியூப் லைட்டு. அடுத்த தடவை மூன்று கலரை எடுத்து, தாடை கழுத்தோடு சேரும் இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று கோடு போடு. கடை வாசலுக்கு வா. பகல் வெளிச்சத்தில் எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறதோ அதுதான் உன் கலர். உடனே வாங்கிவிடாதே. பத்து நிமிஷம் அந்தத் தெருவிலேயே நடந்துவிட்டு வந்து மறுபடி பார். தோலில் இருக்கும் எண்ணெயோடு சேர்ந்து சில ஃபவுண்டேஷன் ஒரு படி கறுக்கும்.

"உங்களுக்கு ரெண்டு ஷேடு வெளுப்பா எடுத்துக்கோங்க, நல்லா இருக்கும்" என்று கவுன்ட்டரில் சொல்வார்கள். கேட்காதே. எத்தனையோ நல்ல முகங்களைச் சாம்பல் பூத்த மாதிரி ஆக்கினது அந்த ஒரு வார்த்தைதான். மாநிறமும் கறுப்பும் குறை இல்லை, மறைக்க ஒன்றும் இல்லை. உன் நிறத்துக்கே ஒரு டப்பா கடையில் இருக்கும், பொறுமையாகக் கேட்டு வாங்கு.

என்னைக் கேட்டால் முதல் மூன்று மாதம் ஃபவுண்டேஷனே வேண்டாம். வேலூரின் மே மாதத்துக்கு சன்ஸ்கிரீனும் பவுடரும் போதும்.

ஆம்பூர் தையல்
திங்கள், இரவு 8.50

பையைப் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்குத் தொழிலே அதுதான், லெதர் பவுச் தைக்கும் யூனிட்டில் இருக்கிறேன்.

முதலில் அளவு. நீங்கள் சொல்லும் ஒன்பது பத்துப் பொருளுக்கு 20 செ.மீ. நீளம், 12 செ.மீ. உயரம், 6 செ.மீ. அகலம் தாராளம். அதைவிடப் பெரிதாக வாங்கினால் காலி இடம் சும்மா இருக்காது, ஒரே மாதத்தில் பில், சில்லறை, மாத்திரை அட்டை என்று குப்பை சேர்ந்துவிடும். அடிப்பகுதி தட்டையாக, மேசையில் வைத்தால் தானாக நிற்கணும். ஜிப் மேல் விளிம்போடு நிற்காமல் இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் கீழே இறங்கியிருந்தால் வாய் அகலமாகத் திறக்கும், கையை விட்டுத் துழாவ வேண்டியதில்லை. வாங்குமுன் ஜிப்பைப் பத்து முறை இழுத்துப் பாருங்கள். முனையில் சிக்கினால் வேண்டாம். கொஞ்ச நாளில் இறுகினால் மெழுகுவத்தியைப் பல்லின் மேல் தேய்த்தால் வழுக்கும்.

அடுத்தது லைனிங். வெளியே பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே துணி லைனிங் என்றால் மேக்கப்புக்கு எடுக்காதீர்கள். லிப்ஸ்டிக் எண்ணெய் ஒருமுறை ஊறினால் போகாது. ஈரத் துணியால் துடைக்கிற மாதிரி பிளாஸ்டிக் பூச்சு லைனிங், அதுவும் வெளிர் நிறத்தில் இருக்கணும். கறுப்பு லைனிங்கில் கறுப்பு ஹேர்பின்னைத் தேடிப் பாருங்கள், தெரியும். உள்ளே எலாஸ்டிக் லூப் இருந்தால் காஜல், லிப்ஸ்டிக், பிரஷ் மூன்றையும் நிற்கவைத்துச் சொருகலாம். படுத்துக்கிடப்பது கட்டையான பொருள் மட்டும்.

எங்கள் பக்கத்துச் சரக்கைப் பற்றி நானே குறை சொல்லக் கூடாது, ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன். முழு லெதர் பவுச் பஸ் பயணத்துக்கு ஏற்றதில்லை. ஈர ஸ்பான்ஜை உள்ளே வைத்து ஜிப் போட்டு இரண்டு நாள் விட்டால் லெதர் பூஞ்சை பிடிக்கும். காசு போட்டு லெதர்தான் வாங்கணும் என்றால் வெளியே லெதர், உள்ளே கழுவுகிற லைனிங் என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் கெட்டி கான்வாஸ் போதும்.

கவுண்டன்யா கரை
திங்கள், இரவு 9.20

அண்ணா, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பவுச் எப்படி? தேடவே வேண்டாமே.

ஆம்பூர் தையல்
திங்கள், இரவு 9.32

தங்கச்சி, தேடுவதற்கு அதுதான் சுலபம், துடைப்பதற்கும் சுலபம். ஆனால் மலிவான பிளாஸ்டிக் வெயிலில் மஞ்சளாகி, மடிப்பில் விரிசல் விடும். ஊக்கு, பொட்டு டப்பாவுக்குப் பதிலாக உள்ளே ஒரு சின்ன ஜிப் கவர் வைப்பதற்கு நல்லது.

சத்துவாச்சாரி அக்கா
திங்கள், இரவு 9.50

சானிட்டரி நாப்கினை மேக்கப் பவுச்சில் திணிக்காதே. அதற்குத் தனியாக ஒரு துணிப் பவுச், கைப்பையின் உள் ஜிப்பில் இருக்கட்டும். பவுடர் பட்ட இடத்தில் அது வேண்டாம். தவிர, அவசரத்தில் எடுக்கும்போது லிப்ஸ்டிக் உருண்டு விழுகிற தொல்லையும் இல்லை.

வெயிலூர் வண்டி
செவ்வாய், காலை 11.05

சும்மாவா நம் ஊரை வெயிலூர் என்கிறார்கள்! மே 4 வாக்கில் கத்திரி தொடங்கிவிடும், நூறு டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே இல்லை. அதனால் என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் கோட்டைக்குப் பக்கத்தில் ஸ்கூட்டியை வெயிலில் நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் போய்விட்டேன். பவுச் சீட்டுக்கடியில் டிக்கியில். மேலே வெயில், கீழே இன்ஜின் சூடு. திரும்பி வந்து திறந்தால் லிப் பாம் தண்ணீர், மூடி ஓரமாக வழிந்து எல்லாவற்றிலும் ஊறியிருந்தது. லிப்ஸ்டிக் குச்சி வளைந்து மூடியோடு ஒட்டிக்கொண்டது. அப்போதிலிருந்து வண்டியில் எதையும் விட்டுவைப்பதில்லை.

சிலசமயம் லிப்ஸ்டிக் உருகாது, ஆனால் மேலே பொடிப் பொடியாக எண்ணெய்த் துளி நிற்கும், வியர்த்த மாதிரி. அது கெட்டுப்போனது இல்லை. சூட்டில் உள்ளிருக்கும் எண்ணெய் மெழுகை விட்டு மேலே வருகிறது. டிஷ்யூவால் துடைத்து நிழலில் வைத்தால் சரியாகிவிடும். சிக்கு வாடை அடித்தால்தான் தூக்கிப் போடணும்.

பஸ்ஸில் போகிறவர்களும் ஜன்னலோரத்தில் வெயில் படுகிற பக்கம் பையை வைக்காதீர்கள். தண்ணீர் பாட்டிலை ஒட்டி வைத்தால் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும், மூடி ஒழுகாமல் இருந்தால் சரி.

தோட்டப்பாளையம் சிஸ்டர்
செவ்வாய், மாலை 4.40

நர்ஸாக இருக்கிறேன், கண் பிரிவில் கொஞ்ச காலம் வேலை செய்தேன். அதனால் கண்ணைப் பற்றி மட்டும்.

பையில் இருப்பதிலேயே சீக்கிரம் கெடுவது மஸ்காராவும் திரவ ஐலைனரும். குச்சியை வெளியே எடுத்து, கண்ணில் பட்டு, மறுபடி ஈரத்துக்குள் விடுகிறோம், கிருமிக்கு இதைவிட வசதி என்ன வேணும்? திறந்த நாளிலிருந்து மஸ்காராவுக்கு மூன்று மாதம், நீட்டினால் ஆறு மாதம், அதற்கு மேல் வேண்டாம். பாதி மிச்சமிருந்தாலும்தான். பவுடர் வகையறா இரண்டு வருஷம் வரை தாங்கும். லிப்ஸ்டிக் ஒரு வருஷத்துக்கு மேல் தாங்கும்.

டப்பாவின் பின்னால் மூடி திறந்த சின்ன ஜாடி படம் போட்டு, உள்ளே 6 எம் அல்லது 12 எம் என்று இருக்கும். திறந்தபிறகு அத்தனை மாதம் என்று அர்த்தம். திறந்த தேதியை யாரும் நினைவு வைப்பதில்லை. நான் மெடிக்கல் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதில் மாதத்தை எழுதிவிடுவேன். என் பவுச்சில் எல்லாவற்றிலும் அந்த வெள்ளை டேப் இருக்கும்.

இன்னொன்று, மெட்ராஸ் ஐ. அந்த சீசனில் ஒரு ஆபீசில் ஒருவருக்கு வந்தால் வரிசையாக வரும். காஜலை யாருக்கும் கொடுக்காதே, யாரிடமும் வாங்காதே. "ஒரு கோடு போட்டுட்டுத் தர்றேன்" என்று தோழி கேட்டால் மறுக்கக் கூச்சமாக இருக்கும், தெரியும். அதற்காகவே இரண்டு காட்டன் பட்ஸ் அதிகம் வை, பென்சிலைத் துருவி, பட்ஸில் எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும். உனக்கே கண் சிவந்து வந்துவிட்டால், அப்போது கண்ணில் பட்ட காஜல், மஸ்காரா எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடு. விலையைப் பார்க்காதே. பென்சில் காஜலில் ஒரு வசதி, சீவினால் புது முனை வந்துவிடும். அதனால் பையில் குட்டி ஷார்ப்னரும் இருக்கட்டும்.

ராணிப்பேட்டை அம்மா
செவ்வாய், இரவு 7.15

எங்கள் வீட்டில் இன்னும் கடை மை வாங்குவதில்லை. கரிசலாங்கண்ணிச் சாற்றில் வெள்ளைத் துணியை நனைத்து நிழலில் உலர்த்துவோம். சாறு மறுபடி ஊற்றி மறுபடி உலர்த்தணும், மூன்று நாலு தடவை. துணி பச்சை போய்க் கறுத்துவரும். அதைத் திரியாகத் திரித்து, அகலில் விளக்கெண்ணெய் ஊற்றி ஏற்றி, இரண்டு பக்கமும் செங்கல் வைத்து மேலே பித்தளைத் தட்டைக் கவிழ்ப்போம். ராத்திரி முழுக்க எரியும். காலையில் தட்டைத் திருப்பினால் கறுப்பு வெல்வெட் மாதிரி புகை படிந்திருக்கும். அதை வழித்து, இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்தால் மை. என் மாமியார் சொல்லிக்கொடுத்தது. இந்தப் பெண்ணும் அதையே ஒரு சின்ன டப்பாவில் வைத்துக்கொள்ளலாமே.

தோட்டப்பாளையம் சிஸ்டர்
செவ்வாய், இரவு 7.50

அம்மா, படிக்கும்போதே எங்கள் ஆயா வீட்டு வாசனை வந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள், கண்ணுக்குள் போட மட்டும் நான் வேண்டாம் என்பேன். புகைக்கரி எவ்வளவு பொடியாக இருந்தாலும் தூசுதான். அப்புறம் விரலால் தொட்டுத் தொட்டு எடுக்கிற டப்பா, பஸ் கம்பியைப் பிடித்த கையோடு. வீட்டில் இமைக்கு மேலே கோடாகத் தீட்டிக்கொள்ளட்டும், பைக்குள் பென்சில் போகட்டும். குழந்தைகள் கண்ணுக்கு இரண்டுமே வேண்டாம்.

கண்ணுக்குத் தீட்டுகிற சுர்மா பற்றியும் சொல்லிவிடுகிறேன். சுர்மா கல் என்று விற்பதில் பலவும் ஈயம் கலந்த கல். மினுமினு என்று இருப்பதே அதனால்தான். யார் கொண்டுவந்து கொடுத்தாலும் கண்ணில் போடாதீர்கள்.

ராணிப்பேட்டை அம்மா
செவ்வாய், இரவு 8.05

கோபம் எதற்கு? பஸ் கம்பி பிடித்த கை என்று சொன்னாயே, அது நியாயம். வீட்டோடு வைத்துக்கொள்ளட்டும்.

வாலாஜா மருந்துக்கடை
புதன், காலை 10.20

இந்த இழையை என் தங்கை காட்டினாள். கவுன்ட்டரில் தினமும் பார்ப்பதால் எழுதுகிறேன்.

வேலைக்குச் சேரும் பிள்ளைகள் பையில் "நைட் கிரீம்", "வெள்ளையாக்கும் கிரீம்" என்று ஒரு டியூப் கட்டாயம் இருக்கிறது. பெட்டியில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன் என்று ஏதாவது எழுதியிருந்தால் அது அழகு கிரீம் இல்லை, ஸ்டீராய்டு மருந்து. பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆகும். அப்புறம் தோல் மெலிந்து, வெயிலில் போனால் சிவந்து எரியும், பருவும் முடியும் கிளம்பும். இவை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச் அட்டவணையில் இருக்கின்றன. ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால் பட்டென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

பெயரே தெரியாத டப்பாக் கிரீம்களில் பாதரசம் இருக்கலாம். கண் பக்கம் போடாத அழகுப் பொருளில், தெரியாமல் கலந்தால்கூட பத்து லட்சத்தில் 1 பங்குக்கு மேல் பாதரசம் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்: தயாரித்தவர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்தணும் என்பது. வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவர் முகவரியும் பதிவு எண்ணும். இவை இல்லாத பொருளைக் கையால் தொடாதீர்கள்.

சன்ஸ்கிரீனில் எஸ்.பி.எஃப். (வெயிலைத் தடுக்கும் அளவு) 30 போதும். புறஊதா பி கதிரில் அது சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. வித்தியாசம் அவ்வளவுதான், எவ்வளவு தடவுகிறோம் என்பதுதான் பெரிசு. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி, முகத்துக்கும் கழுத்துக்கும் போடணும். வெயிலிலேயே நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை.

கவுண்டன்யா கரை
புதன், இரவு 9.05

அண்ணா, நீங்கள் சொன்னதும் போய்ப் பார்த்தேன். செட்டோடு சேர்த்துக் கடைக்காரர் சும்மா கொடுத்த ஒரு கிரீமில் முகவரியே இல்லை. குப்பையில் போட்டாச்சு.

இன்னொரு கேள்வி. வேலையில் சேர்ந்து இரண்டு வாரத்தில் எங்கள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வரும், வைகாசி முதல் நாள். பெரியம்மா கொடுத்த ஆரணிப் பட்டு கட்டப் போகிறேன். கூட்டம் உங்களுக்குத் தெரியும். அன்றைக்கும் இதே பைதானா?

ஆரணி வீதி
புதன், இரவு 10.10

பட்டு என்றதும் நான் வந்துவிட்டேன், எங்கள் வீட்டில் தறி இருக்கிறது.

அன்றைக்குப் பவுச்சே வேண்டாம். கைக்குட்டை, ஊக்கு, லிப்ஸ்டிக், கொஞ்சம் டிஷ்யூ, இவ்வளவும் சின்னப் பர்ஸில் அடங்கும். ஊக்கு மட்டும் ஆறு வை. முந்தானையில் குத்தும்போது ஊக்குக்கும் பட்டுக்கும் நடுவில் ஒரு பொட்டு அட்டைத் துண்டையோ மணியையோ கோர்த்துக் குத்து, நூல் இழுபடாது.

மேக்கப்பை முடித்துவிட்டுப் புடவை கட்டு. கட்டினபிறகு போடணும் என்றால் தோளில் பழைய துண்டைப் போர்த்திக்கொள். சென்ட்டை ஜரிகை மேல் அடிக்கவே அடிக்காதே, கறுத்துவிடும். புடவை கட்டுவதற்கு முன்பே மேலுக்கு அடித்துக்கொண்டு காயவிடு. பட்டில் லிப்ஸ்டிக் பட்டுவிட்டால் தண்ணீர் வைத்துத் தேய்க்காதே. டால்கம் பவுடரைக் கொட்டி எண்ணெய்யை இழுக்கவிட்டு, மெதுவாகத் தட்டிவிட்டு, மறுநாள் டிரை கிளீனிங்குக்குக் கொடு.

ஸ்டிக்கர் பொட்டு பற்றி ஒரு சேதி. தினமும் ஒரே இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டி நெற்றியில் அரிப்போ வெள்ளையாகத் திட்டோ வந்தால் உடனே நிறுத்து. சில பசைகளில் இருக்கும் ரசாயனம் அந்த இடத்துத் தோல் நிறத்தையே எடுத்துவிடும். என் நாத்தனாருக்கு அப்படி ஆகி, தோல் டாக்டர்தான் காரணத்தைச் சொன்னார். ராத்திரி படுக்கும்போது கழற்றிவிடு.

கவுண்டன்யா கரை
இரண்டு வாரம் கழித்து ஞாயிறு, மாலை 5.30

சேர்ந்து ஒரு வாரம் ஆச்சு. எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஆம்பூர் அண்ணா சொன்ன அளவில் கான்வாஸ் பவுச் கிடைத்தது, உள்ளே வெளிர் நீல லைனிங். முதல் நாள் பத்துப் பொருள் வைத்தேன். வெள்ளிக்கிழமை ஆனபோது நான் ஒருமுறை கூடத் தொடாதது சீப்பும் லிப் பாமும். சீப்பு ஆபீஸ் டிராயருக்குப் போய்விட்டது. லிப் பாம் ஏசி ரூமில் வேண்டியிருக்கும் என்று அக்கா எழுதும்முன் நானே சொல்லிவிடுகிறேன், அதுவும் டிராயரில்தான். தினமும் எடுத்தது டிஷ்யூ, காம்பாக்ட், காஜல். நாலாம் நாள் பள்ளிகொண்டா தாண்டி சடன் பிரேக் போட்டபோது பக்கத்தில் நின்ற அக்காவின் செருப்பு வார் அறுந்துவிட்டது, அதற்கும் என் ஊக்குதான். சிஸ்டர், எல்லாவற்றிலும் டேப் ஒட்டி "மே" என்று எழுதியாச்சு.

ஒரே வருத்தம். அதே பிரேக்கில் என் பை கீழே விழுந்து காம்பாக்ட் உள்ளே நொறுங்கிவிட்டது. புதுசு. தூக்கிப் போடணுமா?

சத்துவாச்சாரி அக்கா
அதே ஞாயிறு, மாலை 6.15

போடாதே, போடாதே. மருந்துக்கடையில் சர்ஜிகல் ஸ்பிரிட் வாங்கு. நொறுங்கினதைக் காம்பாக்ட்டுக்குள்ளேயே ஸ்பூன் காம்பால் நன்றாகப் பொடியாக்கு. கட்டி இருக்கக் கூடாது. ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பூரி மாவு பதத்துக்கு இல்லை, அதைவிடக் கொஞ்சம் தளர்வாகக் குழை. மேலே ஒரு டிஷ்யூவை விரித்து, ஒரு ரூபாய் நாணயத்தைத் துணியில் சுற்றி நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டே வா. ஈரத்தை டிஷ்யூ இழுக்கும், மாற்றி மாற்றி வை. அப்புறம் மூடியைத் திறந்தபடியே ஒரு ராத்திரி முழுக்க வை. அடுப்பு பக்கம் மட்டும் கொண்டுபோகாதே, ஸ்பிரிட் தீப்பிடிக்கும். வாடை முழுக்கப் போனபிறகுதான் முகத்தில் போடணும்.

இனிமேல் காம்பாக்ட்டுக்கும் மூடிக்கும் நடுவில் ஒரு வட்டப் பஞ்சு வை. மூடியை அழுத்தி மூடினால் பவுடர் அசையாது.

கவுண்டன்யா கரை
திங்கள், காலை 6.50

ராத்திரி செய்து வைத்தேன், இப்போது தொட்டுப் பார்த்தேன். கெட்டியாகப் பிடித்துவிட்டது அக்கா, ஓரத்தில் மட்டும் ஒரு சின்ன விரிசல். வாடை இன்னும் லேசாக இருக்கிறது, அதனால் இன்றைக்கு வீட்டிலேயே விட்டுவிட்டு டிஷ்யூ மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். பஸ் வந்துவிடும்.